நாலாயிரம் சந்தனமாரிகள்

அந்தப் படத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் யாராவது தேடிப்பிடித்துப் பார்த்துத் தொலைப்பீர்கள். மூன்றே நாளில் தியேட்டரை விட்டு ஓடிய படம், அது ஓடியபடியே இருக்கட்டும். கதையை மட்டும் சொல்கிறேன். இன்னும் நூறு வருடம் கழித்து ஒரு நகரம். அங்கே ஒரு பெரிய கம்பெனி ஒரே ஒரு பெண்ணின் உடம்பிலிருந்து ஆயிரக்கணக்கில் பெண்களைச் செய்து வேலைக்கு விடுகிறது. எல்லோருக்கும் ஒரே முகம். பெயர் கிடையாது, முதுகில் ஓர் எண். கடைசியில் வெளியூரிலிருந்து கதாநாயகன் வந்து, நீங்களும் மனிதர்கள்தான் என்று அவர்களுக்குப் பாட்டுப் பாடிப் புரியவைக்கிறான். ஆடிக்கொண்டே வேறு புரியவைக்கிறான்.

இந்த நூறு வருடத்துக்குப் பிந்தைய நகரத்தை எடுத்தது சென்னைக்கு வெளியே ஒரகடத்தில், எங்கள் கம்பெனியில். 2012 ஆயுத பூஜைக்கு மூன்று நாள் உற்பத்தி லைன் நின்றபோது எடுத்தார்கள். செட்டுப் போடும் செலவு அவர்களுக்கு மிச்சம்.

எங்கள் கம்பெனியில் செல்போனுக்குள் இருக்கும் பச்சை போர்டு செய்வோம். நீலக் கோட்டு, தலைக்குத் தொப்பி, வாய்க்கு முகமூடி. கண் மட்டும் வெளியே தெரியும். நானும் சந்தனமாரியும் அங்கே வந்தது 2009இல், சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரே பஸ்ஸில். எங்களை வேலைக்கு எடுத்தது கம்பெனி இல்லை, காண்ட்ராக்டர் தாண்டவராயன். பிள்ளைப்பாக்கத்து மனிதர். நிலத்தை விற்ற காசில் இரண்டு வேன் வாங்கி, அந்த வேனில் ஏற்றுவதற்கு எங்களை வாங்கினார் என்று சந்தனமாரி சொல்வாள்.

சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் நானூற்று எண்பது நாள் வேலை பார்த்தவளை நிரந்தரமாக்க வேண்டுமாம். அதனால் எங்களில் ஒருத்தியும் நானூற்று எண்பதைத் தொட்டதில்லை. நானூறு தாண்டியதும் தாண்டவராயன் பழைய அட்டையை வாங்கிக்கொண்டு புது அட்டை தருவார். அதே போட்டோ, அதே கயிறு, வேறு பெயர். கல்யாணமாகியோ காய்ச்சல் வந்தோ ஊருக்குப் போய்விட்ட யாரோ ஒரு பெண்ணின் பெயர். அவளுடைய சர்டிபிகேட் நகல் அவரது ஃபைலில் பத்திரமாக இருக்கும். ரிஜிஸ்டரில் பழையவள் நின்றுவிட்டாள், புதியவள் சேர்ந்துவிட்டாள். லைனில் அதே நாற்காலியில் அதே ஆள்.

இசக்கிசெல்வியாக உள்ளே போன நான் இப்படித்தான் இரண்டு மூன்று பெயர் மாறிப் பாஞ்சாலி ஆனேன். சந்தனமாரி முதலில் முத்துச்செல்வி ஆனாள், பிறகு சசிரேகா ஆனாள். இதில் எங்களுக்கு வருத்தம் இருந்தது என்று சொன்னால் பொய். கேலிதான் செய்தோம். பாஞ்சாலி என்று அட்டை வந்த அன்று சந்தனமாரி என்னை விடவில்லை.

"ஏட்டி, அஞ்சு புருசனையும் ரூமுக்குள்ள எங்கட்டி படுக்க வைப்ப? நாம ஏற்கனவே ஏழு பேரு கெடக்கோம்."

சூப்பர்வைசர் அட்டையைப் பார்த்துத்தான் கூப்பிடுவார். நாளடைவில் லைனில் யாராவது இசக்கி என்று கூப்பிட்டால் எனக்கே திரும்பத் தோன்றாது. உள்ளே பாஞ்சாலி, ரூமில் இசக்கி. செருப்பை வாசலில் கழற்றுவதுபோல அதுவும் பழகிவிட்டது.

படம் எடுக்க வந்தவர்கள் கோடம்பாக்கத்திலிருந்து அறுபது துணை நடிகைகளைக் கூட்டிவந்தார்கள். எல்லோருக்கும் எங்கள் கோட்டை மாட்டி லைனில் உட்கார வைத்தார்கள். எந்திரம் மாதிரி ஒரே சமயத்தில் கை ஓட வேண்டும் என்றார் டைரக்டர். பாவம், அவர்களுக்கு வரவில்லை. ஒருத்தி முதுகைச் சொறிந்தாள், ஒருத்தி கேமராவைப் பார்த்தாள், ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் வளையலை விலை கேட்டாள். டைரக்டர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். அப்போதுதான் எங்கள் ஹெச்.ஆர். ஜீவானந்தம் சார் அவர் காதருகே போய் ஏதோ சொன்னார். ஒரு மணி நேரத்தில் தாண்டவராயனின் வேன் எங்கள் ரூம் வாசலில் நின்றது. சினிமா, மத்தியானம் பிரியாணி என்றார். நாற்பது பேர் ஏறினோம்.

போர்டை எடு, பூதக்கண்ணாடியில் பார், திருப்பு, வை. நாலு நொடி. மறுபடியும் எடு. நாற்பது கையும் ஒன்றாகப் போயின, ஒன்றாக வந்தன. யாரும் எங்களுக்கு எதையும் சொல்லித்தரவில்லை. டைரக்டர் கட் சொல்ல மறந்து நின்றார். பிறகு கைதட்டினார்.

"எத்தனை நாள் ரிகர்சல்மா இது?"

"மூணு வருசம் சார்," என்றாள் சந்தனமாரி.

எல்லோரும் சிரித்தார்கள். டைரக்டர் மட்டும் சிரிக்காமல் அவளைப் பார்த்தார். முகமூடியைக் கழற்றச் சொன்னார். கண் சிமிட்டாமல் பார்க்கச் சொன்னார். அவள் பார்த்தாள். பூதக்கண்ணாடியில் மூன்று வருடம் பார்த்த கண், அது சிமிட்டுமா? இதுதான் நான் தேடிய முகம் என்று அவர் தன் ஆட்களிடம் சொன்னார்.

அன்று அரை நாள் அவளைக் கேண்டீனில் ஒரு பச்சைத் துணிக்கு முன்னால் நிறுத்திவைத்திருந்தார்கள். முகம் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளி ஒட்டினார்கள். இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு, மேலே பார், கீழே பார், அழாதே, சிரிக்காதே. நாங்கள் பொறாமையோடு பிரியாணி தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தோம். முடிந்ததும் நம்பிராஜன் என்ற உதவி டைரக்டர் நோட்டோடு வந்தார். வள்ளியூர்க்காரராம். எங்கள் பேச்சைக் கேட்டதுமே முகம் மலர்ந்துவிட்டது.

"ஒம் பேரு என்ன தங்கச்சி? டைட்டில்ல போடணும்லா."

"சசிரேகா," என்றாள் அவள். நோட்டில் கையெழுத்தும் போட்டாள். பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

அடுத்த வருடம் மாசியில் அவளுக்கு நாலாவது அட்டை வந்தது. வேன் நிற்கும் இடத்தில் தாண்டவராயன் ஒவ்வொருத்திக்காகக் கொடுத்துக்கொண்டு வந்தார். சந்தனமாரி தன்னுடையதை வாங்கிப் பார்த்தவள் அப்படியே நின்றாள். அட்டையில் உலகம்மாள் என்று இருந்தது. ஊருக்குப் போய்விட்ட யாரோ ஒருத்தியின் பெயர்தான், ஆனால் அவள் அம்மாவின் பெயரும் அதுவே. அம்மா இறந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

"அண்ணாச்சி, இந்த ஒரு பேரு மட்டும் வேண்டாம். வேற ஏதாச்சும் குடுங்க."

"இன்னாம்மா, பேருல இன்னா கீது? சம்பளம் உனக்குத்தானே வர்து?"

"எங்கம்மா பேரு அண்ணாச்சி அது. செத்தவ பேர எங்கழுத்துல மாட்டிட்டு என்னால உள்ள போய் உக்கார முடியாது."

"லிஸ்ட்டு மேல போயிடிச்சும்மா. இனிமே மாத்தினா நான் பதில் சொல்லணும். இஷ்டம் இருந்தா மாட்டிகினு ஏறு. இல்லன்னா ஊருக்குப் போய்ச் சேரு."

"அப்ப எம் பேரையே குடுங்க. சந்தனமாரின்னு குடுங்க."

தாண்டவராயன் சிரித்தார். "சந்தனமாரி ரெண்டாயிரத்துப் பத்துலயே வேலைய வுட்டுப் போயிட்டாம்மா. கணக்குல அப்டித்தான் கீது."

வேன் கிளம்பியது. அவள் ஏறவில்லை. வேறு ஏதோ ஒரு பெயர் வந்திருந்தால் வழக்கம்போல மாட்டிக்கொண்டு ஏறியிருப்பாள். அவள் ஒன்றும் புரட்சிக்காரி இல்லை. ஆனால் அந்த ஒரு நாளில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தொழிற்சங்கத்துக்காரர் ஒருவரைப் பார்த்து மனு எழுதி வாங்கி, காஞ்சிபுரத்தில் தொழிலாளர் அதிகாரியிடம் கொடுத்தாள். காசு கேட்கவில்லை. நான் சந்தனமாரி, நாலு வருடம் விடாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அதை என் பெயரில் எழுதிக்கொடுங்கள், வேலையை என் பெயரில் திருப்பிக்கொடுங்கள் என்றுதான் கேட்டாள். கம்பெனி பதில் அனுப்பியது. அப்படி ஒருவர் 2010இல் தாமாகவே விலகிவிட்டார், அதன் பிறகு அவர் வளாகத்துக்குள் வந்ததே இல்லை.

சாட்சி வேண்டும் என்றார் சங்கத்துக்காரர். உள்ளே அவளைத் தெரிந்தவர்கள் இருநூறு பேர் இருந்தோம். அவளோடு ஒரே தட்டில் தின்றவர்கள் இருந்தோம். ஒரு நாள் ரூமில் துணி துவைக்கும்போது அவள் என்னிடமே கேட்டாள்.

"இசக்கி, நீ வந்து ஒரு வார்த்தை சொல்லுவியாட்டி?"

என் வேலையை நம்பித்தான் வீட்டில் எல்லாமே இருந்தது. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கோழைகளுக்குத்தான் சட்டென்று யோசனை வரும், எனக்கும் வந்தது.

"எதுக்குட்டி ஆளு? படம் வரட்டும். நீ கம்பெனிக்குள்ள நிக்கத ஊரே பாக்கும். அதைவிடவா நான் வந்து சொல்லணும்?"

அவள் என்னை நம்பினாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் முகத்தில் துப்பத் தோன்றுகிறது. சுங்குவார்சத்திரத்தில் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்கிக்கொண்டு ஒன்றரை வருடம் அவள் அந்தப் படத்துக்காகக் காத்திருந்தாள். எந்தக் கதாநாயகனின் ரசிகனும் ஒரு படத்துக்கு அப்படிக் காத்திருந்திருக்க மாட்டான்.

2014 ஆடியில் படம் வந்தது. பூந்தமல்லியில் காலைக்காட்சி பார்த்தோம். தியேட்டரில் எங்களையும் சேர்த்துப் பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். திரையில் ஒரு கதவு திறந்து எங்கள் லைன் தெரிந்ததும் சந்தனமாரி என் கையைப் பிடித்தாள். கம்பெனியை எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. நாலு லைன் இருந்த இடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை லைன். நீலக் கோட்டு, நாலாயிரம் பேர். எடு, பார், திருப்பு, வை. அந்தக் கையெல்லாம் எங்கள் நாற்பது பேரின் கைதான். பிறகு மணி அடித்தது. நாலாயிரம் பேரும் ஒரே நேரத்தில் முகமூடியைக் கழற்றித் திரும்பினார்கள்.

நாலாயிரமும் சந்தனமாரி.

முதலில் அவள் சிரித்துவிட்டாள். "ஏட்டி, எல்லாம் நாந்தான்!" என்று என் தொடையில் அடித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. என் நாற்காலியைத் தேடிப் பார்த்தேன். அங்கே என் தோள், என் கை, அதன்மேல் அவள் முகம். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு கதாநாயகன் வந்து பாடினான்.

படம் முடிந்து மற்றவர்கள் போன பிறகும் நாங்கள் பெயர்கள் ஓடுவதைப் பார்த்தபடி நின்றோம். ஒருவன் விளக்கைப் போட்டு, கிளம்புங்க என்றான். சந்தனமாரி அவனைக் கைகாட்டி நிறுத்தினாள். நடித்தவர்கள், சண்டை போட்டவர்கள், சமைத்தவர்கள் எல்லோரும் போனார்கள். அப்புறம் வந்தது.

நாலாயிரம் முகமாக: சசிரேகா.

"யாருட்டி அது சசிரேகா?" என்று சந்தனமாரி என்னிடம் கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கே தெரிந்துவிட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு அந்தச் சீட்டிலேயே உட்கார்ந்தாள்.

நம்பிராஜனை வடபழனியில் தேடிக் கண்டுபிடித்தோம். நல்ல மனிதர், எங்களுக்கு டீ வாங்கிக்கொடுத்தார், படத்தை சி.டி.யில் போட்டும் கொடுத்தார். நீங்கள் வந்து சொல்ல முடியுமா என்று கேட்டதற்குத் தலையைச் சொறிந்தார். "நான் நோட்டுல எழுதுனத மட்டும்தான் தங்கச்சி சொல்ல முடியும். நோட்டுல நீ சசிரேகா. நீயே போட்ட கையெழுத்து."

விசாரணை ஒரு வியாழக்கிழமை. எனக்கு வார விடுமுறை நாள், அதனால் துணைக்குத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். ஜீவானந்தம் சார் வந்திருந்தார். போன வருடம் ஒரு நாள்கூட லீவு எடுக்காததற்கு எனக்கு டிபன் பாக்ஸ் பரிசு கொடுத்துக் கைகுலுக்கிய ஆள். என்னைப் பார்த்ததும் அவர் சாதாரணமாக, "நீங்க யாரும்மா?" என்றார்.

"ரூம்ல கூட இருக்கவ," என்றேன். அவர் தலையாட்டிவிட்டு ஃபைலைத் திறந்தார். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

அதிகாரி ஒரு அம்மா. பொறுமையாகக் கேட்டார். கம்ப்யூட்டரில் சி.டி.யைப் போட்டு, மணி அடிக்கும் இடத்தில் நிறுத்தினார். திரை முழுக்கச் சந்தனமாரி.

"முகம் இவங்களோடதுதான் மேடம், நாங்க மறுக்கலையே," என்றார் ஜீவானந்தம். "ஆனா இது கிராபிக்ஸ். பச்சைத் துணிக்கு முன்னாடி முகத்தை எடுத்து, எங்க ஒர்க்கர்ஸ் உடம்புல ஒட்டியிருக்காங்க. அந்தத் துணியை கோடம்பாக்கத்துலயும் கட்டலாம், எங்க வேணா கட்டலாம். இவங்க எங்க பிளாண்ட்டுக்குள்ள இருந்தாங்கன்னு இதுல எந்த இடத்துல இருக்கு? டைட்டில்லயும் இவங்க பேர் இல்ல. சசிரேகானு ஒரு ஒர்க்கர் இருந்தாங்க, ரிலீவ் ஆயிட்டாங்க. அவங்க வந்து கேட்கட்டும்."

எவ்வளவு சுத்தமாகப் பேசினார்! ஒரு முகம் எல்லா இடத்திலும் இருந்தால் அது எங்கேயும் இல்லை என்று ஆகிவிடுமாம். அதிகாரியம்மா திரையைச் சந்தனமாரியின் பக்கம் திருப்பினார்.

"இதுல கம்பெனிக்குள்ள நெஜமா உக்காந்திருக்கிறது எதும்மா? ஒண்ணைக் காட்டு, போதும்."

சந்தனமாரி கிட்டே போய்ப் பார்த்தாள். விரலை ஒரு முகத்தின் அருகே கொண்டுபோனாள், எடுத்தாள், இன்னொன்றுக்குக் கொண்டுபோனாள். தன்னுடைய நாற்காலியை அவள் தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. நாலாயிரம் நாற்காலியில் அது எங்கே கிடைக்கும்? அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பிப் பார்த்திருந்தால்கூட நான் சும்மா இருந்திருப்பேனோ என்னவோ. என்னைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று அவள் திரும்பாமல் நின்றாள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அம்மா," என்று எழுந்தேன். "இவ சந்தனமாரி. அந்தப் படம் எடுத்தப்போ எனக்குப் பக்கத்து சீட்டுலதான் இருந்தா. பச்சைத்துணி கட்டுனது எங்க கேண்டீன்ல. நான் கண்ணால பாத்தேன். எம் பேரு இசக்கிசெல்வி. நான் அங்கதான் வேலை பாக்கேன்."

சொன்னதும் நெஞ்சுக்குள் ஒரு காற்றுப் போனது. பேசிவிட்டேனே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஜீவானந்தம் சார் கோபப்படவில்லை. ஃபைலைப் புரட்டி விரலால் வரிசையாகத் தேடினார். "இசக்கிசெல்வி. ரெண்டாயிரத்துப் பதினொண்ணு, பிப்ரவரில ரிலீவ்டு. படம் எடுத்தது பன்னெண்டுல. இவங்களும் அப்போ உள்ள இல்ல மேடம். ரூம்மேட்டுனு இவங்களே சொன்னாங்க."

நான் சொல்வது அதிகாரியம்மாவுக்குப் புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். "நீ சொல்றதுக்கு ஒரு காகிதம் கொண்டு வாம்மா," என்றார். கழுத்தில் மாட்டும் அட்டை என் பையில்தான் இருந்தது. அதை எடுத்துக் காட்டினால் நான் பாஞ்சாலி. காட்டாவிட்டால் யாரும் இல்லை. கையைப் பையிலிருந்து எடுத்துவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில், மெஸ் வேலைக்காகச் சுங்குவார்சத்திரத்தில் இறங்கும்போது சந்தனமாரி, "எதுக்குட்டி எந்திரிச்ச?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ராத்திரி படுத்தபோது எனக்கு ஒரு கேவலமான ஆறுதல் இருந்தது. அவர் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. இசக்கிசெல்வி இல்லாதவள் என்று அவரே சொல்லிவிட்டார். இல்லாதவளை எப்படி வேலையை விட்டு எடுப்பார்கள்? பாஞ்சாலியைப் பற்றி அங்கே யாருக்கு என்ன தெரியும்?

மறுநாள் காலை ஷிஃப்டுக்குப் போய் கேட்டில் அட்டையை வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்து மறுபடி வைத்தேன். மறுபடியும் சிவப்பு. பின்னால் வரிசை நின்றது. செக்யூரிட்டி என்னை ஓரமாக நிற்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் தாண்டவராயன் பைக்கில் வந்து, அட்டைக்காகக் கை நீட்டினார். புதிதாக வருகிற பெண்ணுக்கு வேண்டுமாம்.

"யாருண்ணாச்சி உங்ககிட்ட சொன்னது, நாந்தான்னு?"

"ஜீவானந்தம் சாருதான். நேத்து சாயந்தரமே போன் பண்ட்டாரு. பேரு எதுவும் சொல்லல. நாலாவது லைனு, ஜன்னல் ஓரம் மூணாவது சீட்டு, இடது கையால போர்ட எடுக்கும், சிரிச்சா வாயைப் பொத்திக்கும், மூக்குத்திய எடுக்கச் சொன்னா மட்டும் அழும், சங்கரன்கோவில் பக்கத்துப் பொண்ணு, அதை நிறுத்திடுன்னாரு. நீதானேம்மா அது?"

நான்தான். என்னைப் பெற்றவளிடம் கேட்டால்கூட இவ்வளவு அடையாளம் சொல்லியிருக்க மாட்டாள்.